சிஜி (ஈர்ப்பு மையம்) எங்கே இருக்க வேண்டும்? ஏரோபாட்டிக் ஆர்சி விமானத்தைத் தேர்ந்தெடுப்பதும் சமன்செய்வதும்

ஆர்சி விமானம், அதாவது தரையில் நின்று ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானம் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் எப்போதாவது கேட்டிருக்கும் ஒரு வாசகம் உண்டு. மூக்கு கனமான விமானம் மோசமாகப் பறக்கும், வால் கனமான விமானம் ஒரே ஒரு தடவைதான் பறக்கும். பழகுகிறவருக்கு நல்ல எச்சரிக்கைதான், முதல் ட்ரெய்னரை (பழகுவதற்கான விமானத்தை) மேலே அனுப்பும்போது இதை மனதில் வைத்து மூக்கில் பத்து கிராம் கூடுதலாக ஒட்டினால் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அதே ஆள் கை பழகி, எக்ஸ்ட்ரா 300 என்ற ஏரோபாட்டிக் விமானம் ஒன்றை வாங்கி, லூப், ரோல், நைஃப் எட்ஜ் (ஒரு இறக்கை வானத்தைப் பார்க்கப் பக்கவாட்டில் பறப்பது) என்று இறங்கும்போதும் அதே பத்து கிராமை மூக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். விளைவு என்ன? தலைகீழாகப் பறக்கும்போது ஸ்டிக்கை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, ஸ்பின்னுக்குள் (சுழன்றபடி கீழே இறங்கும் வித்தை) போக மாட்டேன் என்கிறது, இறங்கும்போது மூக்கைத் தூக்க எலிவேட்டர் (கிடைவாலின் அசையும் பகுதி) போதாமல் வேகமாக வந்து தரையைத் தொடுகிறது. விமானம் சரியில்லை என்று முடிவுகட்டி, அதை விற்றுவிட்டு அடுத்ததைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்.

பல சமயம் அந்த விமானத்தில் குறை எதுவும் இருந்திருக்காது. ஏரோபாட்டிக்ஸ், அதாவது வான் சாகசம் என்று வந்துவிட்டால் எதை வாங்குவது, அதை எப்படிச் சமன்செய்வது என்ற இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்க்க முடியாது. கோடு போட்டது போலத் துல்லியமாகப் பறக்க ஆசையா, ப்ரொப்பெல்லரில் தொங்கவிட்டுத் தரைக்கு ஒரு முழம் மேலே ஆட்டம் காட்ட ஆசையா என்பதைப் பொறுத்து வாங்கும் விமானமும் மாறும், அதில் எடை உட்கார வேண்டிய இடமும் மாறும்.

கொஞ்சம் இயற்பியல். இறக்கையும் வாலும் சேர்ந்து காற்றில் உண்டாக்கும் விசைகளை மொத்தமாகக் கணக்கிட்டால், விமானத்தின் நீளத்தில் ஒரு இடம் கிடைக்கும். காற்று வந்து மோதும் கோணம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும், அதனால் வரும் கூடுதல் தூக்குவிசை அந்த இடத்தில்தான் வேலை செய்யும். அதை நியூட்ரல் பாயின்ட் என்பார்கள். விமானத்தின் ஈர்ப்பு மையம், அதாவது நாம் சிஜி என்று சொல்வது, அதற்கு முன்னால் இருந்தால் ஒரு காற்றடி மூக்கைத் தூக்கினாலும் விமானம் தானாகவே மூக்கை இறக்கிப் பழைய நிலைக்கு வரப் பார்க்கும். எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு பிடிவாதமாகத் திரும்பி வரும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். சிஜி பின்னால் போய்விட்டால் சின்ன அசைவும் தானே வளர்ந்துகொண்டு போகும், கையால் விடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ட்ரெய்னருக்கு அந்தப் பிடிவாதம் வேண்டும். ஸ்டிக்கை விட்டால் தானே நேராகிற விமானம் பழகுகிறவரின் உயிர்த்தோழன். ஏரோபாட்டிக் விமானத்திலோ தானே நேராகும் குணம்தான் முதல் தொல்லை. நீங்கள் 45 டிகிரியில் வைத்த மூக்கு 45 டிகிரியிலேயே நிற்க வேண்டும், தலைகீழாக்கினாலும் அதே கோடு, பக்கவாட்டில் சாய்த்தாலும் அதே கோடு. அதனால்தான் இந்த வகை விமானங்களில் சிஜியை நியூட்ரல் பாயின்டுக்குப் பக்கத்தில், ஆனால் அதைத் தாண்டாமல் வைக்கிறார்கள்.

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு குழப்பம் வரும். ட்ரெய்னருக்கு சிஜி இறக்கையின் முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் 25 முதல் 30 சதவீதம் பின்னால் என்கிறார்கள், துல்லிய ஏரோபாட்டிக் விமானத்துக்கு 30 முதல் 35, 3டி விமானத்துக்கு (ப்ரொப்பெல்லரில் தொங்கி ஆட்டம் காட்டும் வகை) 40 வரைக்கும்கூடப் போகிறார்கள், அப்படியானால் 3டி விமானங்கள் எல்லாமே வால் கனமானவையா? இல்லை. 3டி விமானத்தின் கிடைவாலைக் கொஞ்சம் பாருங்கள், ஒரு சின்ன விமானத்தின் இறக்கை அளவுக்கு இருக்கும். வால் பெரிதாகும்போது நியூட்ரல் பாயின்டும் பின்னால் நகர்ந்துவிடுகிறது. அதனால் 38 சதவீதத்தில் வைத்தும் அது நிலையாகவே பறக்கும். சின்ன வால் உள்ள பழைய பாணி விமானத்தில் அதே 38-ஐ வைத்தால் அந்த ஒரே ஒரு தடவை வாசகம் உண்மையாகிவிடும். நண்பருடைய விமானத்தின் சதவீதத்தை உங்களுடையதற்கு எடுத்துப் போடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

சதவீதம் என்றால் எதில் சதவீதம் என்பதிலும் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஏரோபாட்டிக் விமானங்களின் இறக்கை பெரும்பாலும் நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டு போகும், அதனால் உடலோடு சேரும் இடத்தில் உள்ள அகலத்தை வைத்துக் கணக்குப் போட முடியாது, சராசரி அகலம் வேண்டும். வெறுமனே கூட்டி இரண்டால் வகுக்கிற சராசரியும் இல்லை. ஒரு உதாரணம் பார்த்துவிடலாம். இறக்கை விரிவு 150 செ.மீ., அடியில் அகலம் 36 செ.மீ., நுனியில் 20 செ.மீ. இரண்டையும் கூட்டினால் 56. இரண்டையும் பெருக்கினால் 720, அதை 56-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 12.9. 56-இலிருந்து அதைக் கழித்து மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் 28.8 செ.மீ. இந்த அகலம் இறக்கையில் எங்கே இருக்கிறது என்றால் நடுவிலிருந்து சுமார் 34 செ.மீ. தள்ளி. இறக்கையின் முன்விளிம்பு நுனிக்குப் போகும்போது 8 செ.மீ. பின்னால் சாய்ந்திருந்தால், அந்த 34 செ.மீ. தள்ளிய இடத்தில் முன்விளிம்பு ஏற்கெனவே 3.6 செ.மீ. பின்னால் போயிருக்கும். 28.8-இல் 30 சதவீதம் 8.6, அதோடு 3.6 சேர்த்தால், அடிப்பகுதி முன்விளிம்பிலிருந்து 12.2 செ.மீ. பின்னால் சிஜி வர வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு அடி அகலம் 36-இல் 30 சதவீதம் என்று போட்டிருந்தால் 10.8-இல் வைத்திருப்பீர்கள். வித்தியாசம் 1.4 செ.மீ. சின்னதாகத் தெரிகிறது, ஆனால் அது சராசரி அகலத்தில் 5 சதவீதம், ஒரு ஏரோபாட்டிக் விமானம் ட்ரெய்னர் மாதிரி மந்தமாகிவிட அது தாராளமாகப் போதும்.

கிட் தயாரிப்பாளர்கள் கையேட்டில் ஒரு எண் கொடுத்திருப்பார்கள், முதல் தடவை அதைத்தான் பின்பற்ற வேண்டும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், அந்த எண் பெரும்பாலும் பாதுகாப்புக்காக முன்பக்கம் தள்ளிக் கொடுக்கப்பட்டிருக்கும், யார் வாங்குவார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதே. ஒரே எண்ணுக்குப் பதிலாக இங்கிருந்து இங்கு வரை என்று கொடுத்திருந்தால் முன்பக்க எல்லையில் ஆரம்பித்து, ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் மூன்று நான்கு மில்லிமீட்டர் பின்னால் நகர்த்திப் பார்ப்பதுதான் முறை.

எதை வைத்து நகர்த்துவது? ஈயத்தைத் தேடி ஓடாதீர்கள். எலெக்ட்ரிக் விமானத்தில் பேட்டரிதான் உங்கள் எடைக்கல். மேலே சொன்ன விமானம் 2.2 கிலோ, அதில் 6எஸ் (ஆறு செல்) பேட்டரி 500 கிராம் என்று வைத்துக்கொண்டால், பேட்டரியை 4 செ.மீ. பின்னால் தள்ளினால் சிஜி 9 மில்லிமீட்டர் நகரும். கணக்கு எளிது, பேட்டரி எடையை நகர்த்திய தூரத்தால் பெருக்கி மொத்த எடையால் வகுக்க வேண்டும். ஆகவே விமானம் வாங்கும்போதே பேட்டரி உட்காரும் தட்டு எவ்வளவு நீளம் என்று பார்த்துவிடுங்கள். தட்டு நீளமாக இருந்தால் ஒரே விமானத்தைத் துல்லியப் பறத்தலுக்கும் 3டிக்கும் இரண்டு சிஜிகளில் ஓட்டிப் பார்க்கலாம். தட்டு குட்டையாக இருந்து, பேட்டரி முழுக்க மூக்கோடு ஒட்டியும் சிஜி பின்னாலேயே நின்றால், வடிவமைத்தவர் எதிர்பார்த்ததைவிடக் கனமான சர்வோவை (அசையும் பகுதிகளை இயக்கும் சின்ன மோட்டார்) நீங்கள் வாலில் போட்டிருக்கிறீர்கள் அல்லது மோட்டார் இலேசாக இருக்கிறது என்று அர்த்தம். வாலில் சேரும் ஒவ்வொரு கிராமும் அநியாய விலை கேட்கும். சிஜியிலிருந்து வால் 80 செ.மீ., மூக்கு 30 செ.மீ. என்றால், வாலில் 10 கிராம் கூடினால் மூக்கில் 27 கிராம் வைத்தாக வேண்டும், ஆக மொத்தம் 37 கிராம் ஏறிவிட்டது.

மெத்தனால் எஞ்சின் காலத்தில் இன்னொரு தலைவலியும் இருந்தது. எரிபொருள் டேங்க் பொதுவாக எஞ்சினுக்குப் பின்னால், அதாவது சிஜிக்கு முன்னால் இருக்கும். 5 கிலோ விமானத்தில் 20 செ.மீ. முன்னால் இருக்கும் டேங்கிலிருந்து 400 கிராம் எரிந்து போனால் சிஜி 17 மில்லிமீட்டர் பின்னால் போய்விடும். முதல் லூப் ஒரு விமானம், கடைசி ஸ்பின் வேறொரு விமானம். காலி டேங்கில்தான் சிஜி பார்க்க வேண்டும் என்ற பழைய விதி அங்கிருந்து வந்தது. போட்டிக்காரர்கள் டேங்கையே சிஜிக்கு மேலே கொண்டுபோய் வைத்து, பம்ப் உள்ள ஒய்எஸ் மாதிரி ஜப்பான் எஞ்சின்களால் எரிபொருளை முன்னால் இழுத்தார்கள். எலெக்ட்ரிக்குக்கு மாறியபோது இந்தக் கதையே முடிந்துபோனது.

வானத்தில்தான் தெரியும்

இரண்டு விரலில் தூக்கிப் பார்ப்பதும், சிஜி ஸ்டாண்டில் வைப்பதும் தரையில் செய்யும் சரிபார்ப்பு. விமானம் உடையாமல் திரும்பி வரும் என்பதற்கு அது உத்தரவாதம், சரியாகப் பறக்கும் என்பதற்கு இல்லை. அதற்கான சோதனை மேலேதான், காற்று அடங்கிய காலை நேரத்தில். ஜைரோ (விமானத்தைத் தானாக நிலைப்படுத்தும் கருவி) உள்ள ரிசீவர் என்றால் அதை அணைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் பின்னால் போன சிஜியை ஜைரோ அழகாக மறைத்துவிடும், அது நின்றுபோகிற அன்றைக்குத்தான் உண்மை தெரியவரும்.

நேராக, மட்டமாக, கை விட்டால் பறக்கும்படி முதலில் ட்ரிம் செய்துகொள்ளுங்கள். பிறகு முழு பவரில் 45 டிகிரி ஏற்றத்தில் போங்கள், அந்தக் கோட்டிலேயே அரை ரோல் அடித்துத் தலைகீழாக்குங்கள், எலிவேட்டரை விட்டுவிடுங்கள். மூக்கு சட்டென்று தரையை நோக்கி வளைந்தால் மூக்கு கனம். நேராகவே ஏறிக்கொண்டு போனாலோ, கொஞ்ச தூரம் போய் மெதுவாக, சோம்பலாக வளைந்தாலோ சரியான இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். தலைகீழாக இருந்துகொண்டு இன்னும் செங்குத்தாக ஏறப் பார்த்தால் வால் கனம், உடனே இறக்கி பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். காரணம் சிக்கலானது அல்ல. மூக்கு கனமான விமானத்தை மட்டமாக வைக்கக் கொஞ்சம் அப் ட்ரிம் (எலிவேட்டரை எப்போதும் சற்று மேலே தூக்கி வைப்பது) போட்டிருப்பீர்கள், தலைகீழானதும் அந்த அப் ட்ரிம், மூக்கின் கனம் இரண்டும் கூட்டுச் சேர்ந்து ஒரே பக்கம் இழுக்கும்.

துல்லியமாகப் பறக்கிறவர்களில் பலர் தலைகீழில் மிகக் கொஞ்சமாக முன்தள்ளல் தேவைப்படும் நிலையில் நிறுத்திக்கொள்வார்கள். முழுக்க நடுநிலையாக வைத்தால் ஸ்னாப் ரோலையும் (சட்டென்று வேகமாக உருள்வது) ஸ்பின்னையும் சொன்ன இடத்தில் நிறுத்துவது கடினமாகிவிடும். 3டிக்காரர்கள் இன்னும் பின்னால் போவார்கள், ஏனென்றால் ஹாரியரில் மூக்கைத் தூக்கியபடி நிறுத்தி வைக்க எலிவேட்டர் குறைவாகப் போதும். இதில் எந்த இடம் சரி என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தர முடியாது, கைதான் சொல்ல வேண்டும்.

நீளவாட்டம் முடிந்தால் அகலவாட்டம். இதைத்தான் யாரும் செய்வதில்லை. விமானத்தின் மூக்கு அச்சையும் வால் முனையையும் நூலில் தொங்கவிட்டால் எந்த இறக்கை கனமோ அது இறங்கும், எதிர்ப்பக்க நுனியில் ஒரு சின்ன எடை வைத்தால் சமமாகிவிடும், அவ்வளவுதான். அப்படிச் செய்யாமல் ஐலரான் (இறக்கைப் பின்விளிம்பின் அசையும் பகுதி) ட்ரிம்மால் சரிக்கட்டினால் என்ன ஆகும்? இடது இறக்கை 5 கிராம் கனம் என்று வைத்துக்கொள்வோம், மட்டமாகப் பறக்கும்போது வலது ட்ரிம் அதைத் தாங்கிக்கொள்ளும். லூப்பில் 4 ஜி இழுத்தால் அந்த 5 கிராம் 20 கிராம் மாதிரி நடந்துகொள்ளும், ட்ரிம் போதாமல் லூப் இடது பக்கம் சாய்ந்து திருகாணி மாதிரி வெளியே வரும். தலைகீழானால் இன்னும் மோசம், கனமான இறக்கை அப்போதும் கீழேதான் இறங்கப் பார்க்கும், நீங்கள் போட்ட ட்ரிம்மும் அதே இறக்கையைக் கீழே தள்ளும். கை விட்டால் நிமிர்ந்த நிலையில் மட்டமாகப் போகும் விமானம் தலைகீழில் ஒரு பக்கம் சாய்கிறதென்றால், சாய்கிற பக்கம் கனம் என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லிவிடலாம். இரண்டு நிலையிலும் ரோல் ஆகும் திசை விமானத்தைப் பொறுத்து ஒன்றாகவே இருந்தால் அது இறக்கை முறுக்கு, எடை வைத்துத் தீராது.

அடுத்து எஞ்சின் அல்லது மோட்டாரின் கோணம். ப்ரொப்பெல்லர் சுற்றிவிடும் காற்று உடலைச் சுருளாகச் சுற்றிக்கொண்டு போய் நிமிர்வாலில் ஒரு பக்கமாக அடிக்கும், செங்குத்தாக மேலே ஏறும்போது விமானம் இடது பக்கம் விலகும். அதைச் சமாளிக்க மோட்டாரை 2, 3 டிகிரி வலது பக்கம் திருப்பிப் பொருத்துகிறார்கள், அதுதான் ரைட் த்ரஸ்ட். செங்குத்து ஏற்றத்தில் இன்னும் இடது பக்கமே போனால் மோட்டார் தாங்கிக்கு அடியில் ஒரு வாஷர் கூட்டிப் பார்க்கலாம். எதிரெதிராகச் சுற்றும் இரட்டை ப்ரொப்பெல்லர்களை உலகப் போட்டிக்காரர்கள் பலர் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் இந்தத் தொல்லையே இல்லாமல் போவதுதான், விலையைப் பார்த்தால் நமக்கு வாஷரே போதும் என்று தோன்றும். செங்குத்தாகக் கீழே, த்ராட்டிலை முழுக்க இறக்கி வரும்போது விமானம் முதுகுப் பக்கமோ வயிற்றுப் பக்கமோ வளைந்தால் இறக்கைக்கும் கிடைவாலுக்கும் உள்ள கோண வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். ஏஆர்எஃப் (ஏறத்தாழ முழுக்கக் கட்டி முடித்து வரும்) விமானங்களில் பலவற்றில் அதைத் திருத்த வழி இருக்காது, எலிவேட்டரில் ஒரு சின்ன மிக்ஸ் (ஒரு கட்டுப்பாடு அசையும்போது இன்னொன்றையும் ரேடியோ தானே சற்று அசைப்பது) போட்டுவிட்டு நகர வேண்டியதுதான்.

ரேடியோ மிக்ஸ் எல்லாவற்றுக்கும் கடைசி. நைஃப் எட்ஜில் ரட்டரை (நிமிர்வாலின் அசையும் பகுதி) அழுத்தினால் விமானம் கொஞ்சம் உருள்வதும் மூக்கை ஒரு பக்கம் இழுப்பதும் சகஜம், அதற்கு மூன்று, ஐந்து சதவீத மிக்ஸ் போடுவதில் தப்பில்லை. இருபது சதவீதம் போட்டால்தான் நேராகப் போகிறது என்றால் நீங்கள் எடையில் உள்ள பிழையை ரேடியோவில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அந்த மிக்ஸ் ஒரு வேகத்தில் சரியாக இருக்கும், வேகம் மாறினால் பல்லிளிக்கும். இதையெல்லாம் முதல் நாளே மிக்ஸில் ஆரம்பித்துப் பின்னோக்கி வருகிறவர்கள்தான் அதிகம். இன்றைய ட்ரான்ஸ்மிட்டர்களில் அது அவ்வளவு சுலபம் ஆகிவிட்டது, என்ன செய்வது.

எதை வாங்குவது

இப்போது கடைக்குப் போகலாம். ஏரோபாட்டிக் ஆர்சி விமானங்கள் இன்று இருக்கும் வடிவத்துக்கு எப்படி வந்தன என்று தெரிந்தால் எதை எதற்கு வாங்குவது என்பது பாதி புரிந்துவிடும். முதல் உலக ஆர்சி ஏரோபாட்டிக்ஸ் போட்டி 1960-இல் சுவிட்சர்லாந்தின் டியூபென்டார்ஃபில் நடந்தது, அமெரிக்கரான எட் காஸ்மிர்ஸ்கி ஓரியன் என்ற தன் விமானத்தோடு வென்றார். 1967-இல் கோர்சிகாவில் ஃபில் கிராஃப்ட் குவிக் ஃப்ளை விமானத்தால் வென்றார். இதே கிராஃப்ட்தான் அக்ளி ஸ்டிக் என்ற பெட்டி மாதிரியான, பெயருக்கேற்ற அழகில்லாத விமானத்தையும் வடிவமைத்தார், இன்றைக்கும் ஸ்டிக் வகை விமானங்கள் உலகம் முழுக்க விற்கின்றன. 1977-இல் ஆஸ்திரியாவின் ஹன்னோ ப்ரெட்னர் குராரே என்ற வேக விமானத்தோடு வந்து முதல் உலகப் பட்டத்தை எடுத்தார், அப்புறம் பல வருடம் அந்தப் பட்டத்தை யாராலும் அவரிடமிருந்து வாங்க முடியவில்லை.

அந்தக் காலத்துப் போட்டி விமானங்கள் ஒல்லி உடம்பும் உள்ளிழுக்கும் சக்கரங்களும் கொண்ட வேகக்காரர்கள். 10 சிசி எஞ்சின்தான் வரம்பு, செங்குத்தாக ஏற வேகத்தைச் சேர்த்துவைத்துத்தான் ஆக வேண்டும். 1980-களில் எஃப்3ஏ எனப்படும் இந்த உலக ஏரோபாட்டிக்ஸ் போட்டியின் முறை மாறியது. விமானி முன்னால் ஏறத்தாழ 150 மீட்டர் தள்ளி, இரண்டு பக்கமும் 60 டிகிரிக்குள் ஒரு கற்பனைப் பெட்டி, அதற்குள்ளேயே முனைகளில் திரும்பித் திரும்பி இடைவெளி இல்லாமல் பறக்க வேண்டும். வேகம் திடீரென்று பாரமாகிவிட்டது, மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் ஒரே சீரான மெதுவான வேகம்தான் அழகு என்று ஆகிவிட்டது. எஞ்சின் வரம்பும் தளர்ந்து பிறகு நீங்கியது, 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் இறக்கை விரிவு, 5 கிலோ என்ற வரம்புக்குள் எவ்வளவு பெரிதாக, எவ்வளவு இலேசாகச் செய்ய முடியும் என்பதே போட்டியானது. உடல் ஆழமாகிக்கொண்டே போனது, காரணம் நைஃப் எட்ஜில் இறக்கை வேலை செய்யாது, உடலின் பக்கவாட்டுப் பரப்புதான் தூக்க வேண்டும். இன்றைய எஃப்3ஏ விமானம் பக்கத்திலிருந்து பார்த்தால் திமிங்கிலம் மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு கிளை லாஸ் வேகாஸில் வளர்ந்தது. பில் பென்னட் என்ற சூதாட்ட விடுதி முதலாளி 1974-இல் ஆரம்பித்த டூர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ் 2002 வரை நடந்தது, பெரிய பரிசுத்தொகை. ஒரு கட்டத்தில் நிஜ ஏரோபாட்டிக் விமானங்களின் மாதிரிகள் மட்டும்தான் பறக்கலாம் என்று அங்கே விதி வந்தது, எக்ஸ்ட்ரா, சுகோய், கேப், லேசர் எல்லாம் பிரம்மாண்டமான அளவில் வந்தன, இசையோடு பறக்கும் ஃப்ரீஸ்டைல் சுற்றில் 3டி வித்தைகளும் வளர்ந்தன. கடையில் இன்று வரிசையாக நிற்கும் எட்ஜ் 540, எக்ஸ்ட்ரா 300 எல்லாம் பெரிய வாலும் பெரிய எலிவேட்டரும் வைத்துக்கொண்டு நிற்பது இந்தக் கிளையின் பாதிப்புதான்.

ஆக, ட்ரெய்னரில் கை பழகியவர் முதல் ஏரோபாட்டிக் விமானமாக எதை எடுக்கலாம்? என் தேர்வு ஸ்டிக் வகைதான், மறுபேச்சே இல்லை. அடியிலிருந்து நுனி வரை ஒரே அகல இறக்கை, நுனி முதலில் ஸ்டால் ஆகாது (தூக்குவிசையை இழக்காது), ஓரளவு சமச்சீரான இறக்கை வடிவம், தலைகீழாகவும் பறக்கும், உடைந்தால் ஒட்டலாம், சிஜி கணக்கும் எளிது. அழகு இல்லை என்று பெரும்பாலானோர் நேராக எக்ஸ்ட்ராவுக்குத் தாவிவிடுகிறார்கள். எக்ஸ்ட்ராவின் இறக்கை நுனியில் குறுகலானது, ஸ்னாப் ரோலுக்கு அருமை, ஆனால் இறங்கும்போது வேகம் குறைந்து எலிவேட்டரை இழுத்தால் ஒரு பக்க நுனி முதலில் கைவிட்டுவிடும். அதுவும் விமானம் கனமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கனம் என்றதும் எல்லாரும் ஒரு சதுர டெசிமீட்டர் இறக்கைக்கு எத்தனை கிராம் என்ற எண்ணைச் சொல்வார்கள். அந்த எண்ணை வெவ்வேறு அளவு விமானங்களுக்கிடையே ஒப்பிடுவது ஏமாற்றும். 7.5 கிலோ எடையுள்ள, 97 சதுர டெசிமீட்டர் இறக்கை கொண்ட 50 சிசி 3டி விமானத்தில் அது 77 கிராம் வரும், அந்த விமானம் இறகு மாதிரி மிதக்கும். அதே 77-ஐ ஒரு மீட்டர் விரிவுள்ள ஃபோம் விமானத்தில் வைத்தால் செங்கல். எடையை இறக்கைப் பரப்பின் ஒன்றரை அடுக்கால், அதாவது பரப்பை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கிய எண்ணால் வகுத்துப் பார்த்தால்தான் நியாயமான ஒப்பீடு கிடைக்கும். கிலோவிலும் சதுர மீட்டரிலும் போட்டால் அந்த 50 சிசி விமானத்துக்குச் சுமார் 8 வரும். 20 சதுர டெசிமீட்டர் இறக்கை கொண்ட சின்ன விமானம் அதே மாதிரி பறக்க வேண்டுமானால் 700 கிராமுக்குள் இருக்க வேண்டும். முன்பு கணக்குப் போட்ட 2.2 கிலோ, 150 செ.மீ. விமானத்துக்கும் ஏறத்தாழ 8தான் வருகிறது. 5 கிலோ எஃப்3ஏ விமானத்துக்கு 10 வாக்கில் இருக்கும், அது மிதப்பதற்கு இல்லை, காற்றைக் கிழித்துக்கொண்டு கோடு போடுவதற்கு. கையில் இருக்கும் விமானத்துக்கு இந்த எண் 13, 14 என்று வந்தால் அதில் 3டி கற்றுக்கொள்ளும் ஆசையை விட்டுவிடலாம்.

பவரில் கஞ்சத்தனம் வேண்டாம். துல்லியப் பறத்தலுக்கு இழுவிசை எடையைவிடக் கொஞ்சமாவது அதிகம் வேண்டும், 3டிக்கு ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு. எலெக்ட்ரிக்கில் கிலோவுக்கு 300 வாட்டுக்கு மேல் என்றால் லூப் எல்லாம் தாராளம், ப்ரொப்பெல்லரில் தொங்கும் ஹோவரிலிருந்து மேலே இழுக்க 400-க்கு மேல் போங்கள்.

3டி பழகத் தட்டையான ஈபிபி ஃபோம் விமானம் ஒன்றை மலிவாக வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். தரையில் குத்தினாலும் வளைந்து கொடுக்கும், கிழிந்தால் பசை போட்டு அன்று மாலையே பறக்கலாம். துல்லியப் பறத்தலுக்கு அது உதவாது, ஃபோம் வளைகிறது, ஒவ்வொரு ஃப்ளைட்டிலும் ட்ரிம் மாறுகிறது, அதற்குப் பால்சா மரம்தான். இரண்டும் ஒன்றிலேயே வேண்டும் என்பவர்கள் 150 செ.மீ. அளவிலுள்ள பால்சா எக்ஸ்ட்ராவையோ எட்ஜையோ எடுத்து, எலிவேட்டருக்கு இரண்டு ரேட் (அசைவின் அளவு) வைத்து, ஒன்றில் 12 டிகிரி, மற்றதில் 45 டிகிரி என்று பிரித்துக்கொண்டால் போதும். 45 டிகிரி ரேட்டில் எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 50, 60 சதவீதம் இல்லாமல் பறக்கவிடாதீர்கள்.

பழைய விமானம் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது கொஞ்சம் வேறு. மூக்கு மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஈயக் கட்டிகள் ஒட்டியிருந்தால் வாலைத் தடவிப் பாருங்கள், எங்கோ உடைந்து எபாக்ஸி ஊற்றி ஒட்டியிருப்பார்கள், அதை ஈடுகட்டத்தான் முன்னால் ஈயம். இறக்கையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பின்விளிம்பு முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ரட்டர், எலிவேட்டரை விரலால் அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா, கீல் இடைவெளி டேப்பால் மூடியிருக்கிறதா? ட்ரான்ஸ்மிட்டரையும் சேர்த்து விற்கிறார் என்றால் அதில் மிக்ஸ் பக்கத்தைத் திறந்து எண்களைப் படியுங்கள், அவர் வாயால் சொல்லாததை எல்லாம் அது சொல்லிவிடும். விலை பேசுவதற்கு முன் விமானத்தைத் தராசில் ஏற்றி, கையேட்டில் உள்ள எடையைவிட இருநூறு கிராம் கூட இருந்தால் அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள்.